நாவலாசிரியர் செய்தி எழுதினார், நிருபர் நாவல் எழுதினார்: 1965

ஒரே ஒரு வருடத்தை எடுத்துக்கொண்டு, அந்த வருடத்து இதழ்களில் வந்த கட்டுரை, கதை இரண்டிலும் படித்தே ஆக வேண்டியவை எவை என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த வருடம், எந்த நாடு என்பதை என்னிடமே விட்டுவிட்டீர்கள். சரி, என் பதில் அமெரிக்கா, 1965. ஹிரோஷிமா பற்றி ஜான் ஹெர்சி எழுதிய நீண்ட கட்டுரைக்காக 1946இல் நியூயார்க்கர் வாரப் பத்திரிகை ஒரு முழு இதழையே ஒதுக்கியது, அதுதான் பெரிய வருடம் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை, ஆனால் அந்த வருடத்தில் அது தனி மரம். 1965 தோப்பு.

அந்த வருடத்தில் ஒரு வேடிக்கையும் நடந்தது. பெயர் பெற்ற நாவலாசிரியர் ஒருவர் நிருபர் வேலை பார்த்து ஒரு கொலை வழக்கை எழுதினார். பத்திரிகைக்காரர் ஒருவரோ தான் எழுதி முடிக்காத ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பிய நாவலை முடித்தார். முதலாமவர் ட்ரூமன் கபோட்டி, அடுத்தவர் ஃபிராங்க் ஹெர்பர்ட். கபோட்டிக்கு உடனே பணமும் புகழும் விருந்தும். ஹெர்பர்ட்டை இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காமல் 1965 பிடிபடாது என்பது என் கட்சி.

கபோட்டியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் அவரைத்தான் முதலில் சொல்வார்கள். 1959 நவம்பர் 15 அதிகாலையில் கான்சாஸ் மாநிலத்தில் ஹோல்கம் என்ற சின்ன ஊரில், ஹெர்ப் கிளட்டர் என்ற வசதியான விவசாயியும் மனைவியும் பதின்வயது மகளும் மகனும் தங்கள் வீட்டிலேயே கொல்லப்பட்டார்கள். நியூயார்க் டைம்ஸில் வந்த சின்னச் செய்தி ஒன்றைப் பார்த்துவிட்டு கபோட்டி கிளம்பிப் போனார், கூடவே சிறுவயதுத் தோழி ஹார்ப்பர் லீ. (அவருடைய புகழ்பெற்ற நாவல் அப்போது இன்னும் வெளிவரவில்லை.) கொலையாளிகள் ரிச்சர்ட் ஹிக்காக், பெர்ரி ஸ்மித் இருவரும் ஆறேழு வாரத்தில் பிடிபட்டார்கள், மரண தண்டனை விதிக்கப்பட்டது, மேல்முறையீடு வருடக்கணக்கில் இழுத்தது. கபோட்டி பெரும்பகுதியை எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்கு வேண்டியது முடிவு. 1965 ஏப்ரல் 14 அன்று இருவரையும் தூக்கிலிட்டார்கள், செப்டம்பர் 25இல் நியூயார்க்கரில் முதல் பகுதி வந்துவிட்டது, அக்டோபர் 16 வரை நான்கு வாரத் தொடர். 'இன் கோல்ட் பிளட்' என்ற பெயரில் அடுத்த ஜனவரியில் புத்தகம்.

எழுத்து என்ற அளவில் அதற்குக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. யார் சாகப்போகிறார்கள் என்பது ஆரம்பத்திலேயே தெரியும், யார் கொன்றது என்பதும் சீக்கிரமே தெரிந்துவிடும், இருந்தும் அந்தக் குடும்பத்தின் கடைசி நாளையும் அந்த இருவர் காரில் வந்துகொண்டிருப்பதையும் மாற்றி மாற்றிக் காட்டி, அடுத்த வாரம் வரை வாசகரை உட்கார விடாமல் செய்கிறார். தொடர்கதை படித்து வளர்ந்த நமக்கு இந்த வித்தை புதிதில்லை. ஆனால் நம் தொடர்கதைக்காரர்கள் யாரும் 'இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் நிஜம்' என்று சத்தியம் செய்ததில்லை. கபோட்டி கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னார். பேட்டி எடுக்கும்போது குறிப்பு எடுக்க மாட்டேன், ஒலிப்பதிவுக் கருவி கிடையாது, எல்லாம் ஞாபகத்தில் இருக்கும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார். 1966 ஜூனில் எஸ்கொயர் இதழில் ஃபிலிப் டாம்ப்கின்ஸ் என்பவர் கான்சாஸுக்கே போய் விசாரித்து, எங்கெங்கே பொருந்தவில்லை என்று எழுதினார். இடுகாட்டில் துப்பறியும் அதிகாரியும் இறந்த பெண்ணின் தோழியும் சந்திக்கும் அந்த அழகான கடைசிக் காட்சி நடக்கவே இல்லை, கபோட்டி இட்டுக்கட்டியது என்பதை 1988இல் அவருடைய வாழ்க்கை வரலாறே சொல்லிவிட்டது. தகவல் சரிபார்க்க என்றே தனித் துறை வைத்திருந்த இதழ் நியூயார்க்கர், அதில்தான் இது வந்தது.

அதே இதழில், அதே வருடம் ஜனவரி 23 அன்று, சத்தமில்லாமல் வேறொரு கட்டுரை வந்திருந்தது. ஜான் மெக்ஃபீ எழுதியது, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக் கூடைப்பந்து வீரர் பில் பிராட்லி பற்றி. பிற்காலத்தில் நியூ ஜெர்சியிலிருந்து செனட்டராக இருந்தாரே, அந்த பிராட்லிதான். அதில் ஓர் இடம்: பிராட்லி பழக்கமில்லாத ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் பந்து போட்டுப் பழகுகிறார், வரிசையாகச் சில பந்துகள் விளிம்பில் பட்டுத் தவறுகின்றன, கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு அந்தக் கூடை ஒன்றரை அங்குலம் தாழ்வாக இருக்கிறது என்கிறார். வேறு எந்த எழுத்தாளராக இருந்தாலும் அந்த வசனத்தோடு பத்தியை முடித்துக் கைதட்டல் வாங்கியிருப்பார். மெக்ஃபீ சில வாரம் கழித்து ஒரு ஏணியை இரவல் வாங்கிக்கொண்டு, இரும்பு அளவு நாடாவோடு திரும்பப் போய் அளந்து பார்த்தார். பத்தடி உயரத்தில் இருக்க வேண்டிய கூடை ஒன்றே அரைக்கால் (1⅛) அங்குலம் தாழ்ந்திருந்தது. பிராட்லி சொன்ன ஒன்றரையைக்கூட அவர் அப்படியே விடவில்லை பாருங்கள், இரண்டு எண்ணையும் கொடுக்கிறார். செய்தியா கதையா என்ற 1965இன் மொத்தச் சச்சரவையும் இந்த ஒரு பத்தியை வைத்தே தீர்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றும். காட்சி, பாத்திரம், வசனம் எல்லாம் கதைக்காரனிடமிருந்து எடுத்துக்கொள், ஆனால் ஏணியையும் தூக்கிக்கொண்டு போ. இந்தக் கட்டுரைதான் மெக்ஃபீக்கு நியூயார்க்கரில் வேலை வாங்கித் தந்தது.

ஏணி தூக்காதவர்களில் முதல் பெயர் டாம் வுல்ஃப். அவரைத் திட்டவும் முடியாது, விடவும் முடியாது. மார்ச் மாத எஸ்கொயரில் ஜூனியர் ஜான்சன் என்ற கார் பந்தய வீரரைப் பற்றி எழுதினார், அமெரிக்காவின் கடைசி நாயகன் இவர்தான், ஆமாம் இவரேதான் என்கிற தோரணையில் தலைப்பு. வட கரோலினாவின் வில்க்ஸ் மாவட்டத்து மலைக்காட்டில் கள்ளச்சாராயம் காய்ச்சும் குடும்பத்துப் பையன், ராத்திரி ராத்திரியாகச் சாராயத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு, துரத்தும் வரி அதிகாரிகளிடமிருந்து தப்பித்துத் தப்பித்தே ஓட்டக் கற்றுக்கொண்டவர். சாலையில் ஒருநாளும் அகப்படவில்லை. சாராயம் காய்ச்சும் இடத்தில்தான் பிடித்தார்கள், சிறைக்குப் போனார், வெளியே வந்து 1960இல் டேடோனா 500 பந்தயத்தை வென்றார். (1986இல் ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.) ஞாயிற்றுக்கிழமை காலையில் பந்தயத்துக்குப் போகும் கார்கள் மைல் கணக்கில் நிற்பதிலிருந்து தொடங்கி, எஞ்சின் சத்தமும் ஊர்ப்பேச்சும் ஆச்சரியக்குறிகளுமாக ஓடுகிறது அந்தக் கட்டுரை. கூத்துதான். ஆனால் நியூயார்க் ஆசாமிகள் கேலி செய்து எழுதிவிட்டுப் போகும் ஒரு ஊரை, அந்த ஊர்க்காரர்கள் பார்க்கும் விதத்தில் பார்த்திருக்கிறார். இந்த ஒன்றுக்காகவே வுல்ஃபின் மற்ற அட்டகாசங்களைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பெரிய அட்டகாசம் அடுத்த மாதமே வந்தது. நியூயார்க்கருக்கு நாற்பது வயது ஆன வருடம் அது. அதன் ஆசிரியர் வில்லியம் ஷான் பேட்டிக்கு மறுத்துவிட்டார், வுல்ஃப் பேட்டியில்லாமலே எழுதினார்: ஹெரால்ட் டிரிப்யூன் நாளிதழின் 'நியூயார்க்' என்ற ஞாயிறு இணைப்பில், ஏப்ரல் 11, 18 இரண்டு வாரமும், 'குட்டி மம்மிகள்' (பதப்படுத்திய பிணங்கள்) என்று தலைப்பு வைத்து, அந்த அலுவலகத்தையே செத்தவர்கள் நடமாடும் வீடு என்றார். வெளியிடாதீர்கள் என்று ஷான் பதிப்பாளருக்கே கடிதம் எழுதிப் பார்த்தார், நடக்கவில்லை. நியூயார்க்கர் எழுத்தாளர்களில் சாலிஞ்சர் தந்தி அடித்தார், ஈ.பி. வைட் கடிதம் எழுதினார், விமர்சகர் ட்வைட் மக்டொனால்டு நியூயார்க் ரெவ்யூ ஆஃப் புக்ஸில் பக்கம் பக்கமாக மறுப்பு எழுதி இதற்குப் 'பாரா ஜர்னலிசம்' (செய்தி மாதிரி, ஆனால் செய்தி அல்ல) என்று பெயரும் வைத்தார். லியோபோல்டு–லோப் என்ற பிரபலமான 1924 கொலைகாரர்கள் முதலில் குறிவைத்தது சிறுவன் ஷானைத்தான், அதனால்தான் மனிதர் இப்படிப் பயந்த சுபாவமாக இருக்கிறார் என்று வுல்ஃப் சொன்ன கதைக்கு ஆதாரமே இல்லை. படிக்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் ஒருவர் மேல் இப்படி எழுதிவிட்டுப் 'பாணி' என்று சொல்லித் தப்பிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜோன் டிடியனின் வழி வேறு. ஆகஸ்ட் 14 தேதியிட்ட சாட்டர்டே ஈவினிங் போஸ்டில் நடிகர் ஜான் வேய்ன் பற்றிய அவருடைய கட்டுரை வந்தது. முந்தைய வருடம் வேய்னுக்குப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது, அதற்குப் பிறகு மெக்ஸிகோவின் துராங்கோவில் அவர் நடித்துக்கொண்டிருந்த படத்தின் தளத்துக்கு டிடியன் போகிறார். 1943 கோடையில், எட்டு வயதில், கொலராடோவில் ஒரு ராணுவ முகாம் கொட்டகையில் வேய்னை முதலில் திரையில் பார்த்ததைச் சொல்லிவிட்டு, இப்போது எதிரே உட்கார்ந்திருக்கும், உடம்பு சரியில்லாமல் போய் வந்த அந்த மனிதரைப் பார்க்கிறார். 'நான்' என்று எழுதுகிறார், ஆனால் தன்னைக் காட்டிக்கொள்ள அல்ல. எந்த இடத்திலிருந்து பார்க்கிறேன் என்பது வாசகருக்குத் தெரியட்டும் என்பதற்காக. கபோட்டி நாவல் நீளக் கதையில் தன்னை ஒளித்துக்கொண்டதைவிட இது நேர்மையான ஏற்பாடு என்பேன்.

ஹண்டர் தாம்சனுக்கு 1965தான் விடிவு காலம். சான் பிரான்சிஸ்கோவில் கையில் காசில்லாமல் இருந்தவரிடம், தி நேஷன் ஆசிரியர் கேரி மக்வில்லியம்ஸ் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் மோட்டார் சைக்கிள் கும்பலைப் பற்றி எழுதச் சொன்னார், சம்பளம் 100 டாலர். கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரல் அந்தக் கும்பலைப் பற்றி ஓர் அறிக்கை விட்டிருந்தார், பெரிய வார இதழ்கள் அதை அப்படியே வாங்கி அச்சடித்திருந்தன. தாம்சன் போய் அவர்களோடு உட்கார்ந்து பீர் குடித்துப் பேசிவிட்டு, அறிக்கையையும் ஆட்களையும் ஒப்பிட்டு மே 17 இதழில் எழுதினார். பின்னாளைய தாம்சனின் ஆட்டபாட்டம் எதுவும் இதில் இல்லை, நிதானமான நிருபர் கட்டுரை. உடனே புத்தகம் எழுதச் சொல்லிப் பதிப்பகங்கள் வரிசை கட்டின.

படங்களைச் சொல்லாமல் விட்டால் அந்த வருடத்து லைஃப் இதழுக்குத் துரோகம். மார்ச் 8 அன்று அமெரிக்கக் கடற்படைப் பிரிவினர் வியட்நாமின் டா நாங்கில் இறங்கினார்கள், அந்த மாதக் கடைசியில் புகைப்படக்காரர் லாரி பர்ரோஸ் ஒரு ஹெலிகாப்டரில் ஏறிப் போனார். 21 வயது ஜேம்ஸ் ஃபார்லி என்ற ஹெலிகாப்டர் குழுத் தலைவன் காலையில் சிரித்துக்கொண்டு கிளம்புவதிலிருந்து மாலையில் ஒரு கிடங்கில் முகத்தைப் புதைத்து அழுவது வரை ஒரே நாள். ஏப்ரல் 16 இதழில் வந்தது. வியட்நாமில் என்ன நடக்கப்போகிறது என்பது அந்தச் சில பக்கங்களிலேயே இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 30 இதழில், லென்னார்ட் நில்சன் எடுத்த கருவின் படங்கள். இவையும் உலகப் புகழ் பெற்றவை, ஆனால் கருப்பைக்குள் எடுத்த படங்கள் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்க, அவற்றில் பெரும்பாலானவை உடலிலிருந்து வெளியே எடுக்கப்பட்ட கருக்கள்தான். லைஃப் அதை மறைக்கவில்லை, உள்ளே அச்சிட்டிருந்தது. படத்தின் அழகில் எழுத்தை யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

ப்ளேபாய் ஜனவரி இதழில் மார்ட்டின் லூதர் கிங்கை அலெக்ஸ் ஹேலி எடுத்த நீண்ட பேட்டியையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் இன்னொரு கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் சுட்டுக் கொல்லப்படுகிறார், அதே ஹேலி அவரோடு சேர்ந்து எழுதிய சுயசரிதை அந்த வருடக் கடைசியில் வருகிறது. ஒரே மனிதரின் கையில் இரண்டும்.

இனி கதைகள். இங்கேதான் என் கட்சியை நிறைய பேர் ஏற்கமாட்டார்கள். அந்த வருடம் மிகவும் எதிர்பார்க்கப்பட்ட கதை சாலிஞ்சருடையது, ஜூன் 19 நியூயார்க்கரில் கிட்டத்தட்ட முழு இதழையும் பிடித்துக்கொண்டு வந்தது. அவருடைய பழைய கதைகளில் வரும் சீமோர், ஏழு வயதில் கோடை முகாமிலிருந்து வீட்டுக்கு எழுதும் கடிதம். அந்த ஏழு வயதுப் பையன் படிக்கப் புத்தகம் அனுப்பச் சொல்லிப் போடும் பட்டியலில் விவேகானந்தரின் ராஜயோகமும் பக்தியோகமும் உண்டு, அதைப் பார்த்து நமக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம் வரும், அப்புறம் பக்கங்கள் நகரவே நகராது. அதற்குப் பிறகு 2010இல் இறக்கும்வரை சாலிஞ்சர் எதையுமே வெளியிடவில்லை.

அந்த வருடத்தின் சிறந்த சிறுகதை எது என்றால் ஏப்ரல் எஸ்கொயரில் வந்த ஃப்ளானரி ஓ'கானரின் 'பார்க்கர்ஸ் பேக்'. லூபஸ் நோயோடு வருடக்கணக்கில் போராடி 1964 ஆகஸ்டில், 39 வயதில் இறந்துபோனவர், கடைசி மாதங்களில் எழுதியது. உடம்பெல்லாம் பச்சை குத்திக்கொண்ட ஒரு ஆள், எதையும் பாவம் என்று சொல்லும் மனைவியைச் சந்தோஷப்படுத்த முதுகில் கிறிஸ்துவின் முகத்தையே குத்திக்கொண்டு வருகிறான். அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு விக்கிரக வழிபாடு என்று அந்த முகத்தின் மேலேயே அடிக்கிறாள். சிரிப்பதா என்ன செய்வது என்று தெரியாது.

மற்றபடி அறுவடை நடந்தது மரியாதையில்லாத பக்கத்தில், சொல்லுக்குச் சில சென்ட் கொடுக்கும் அறிவியல் புனைகதை இதழ்களில். ஃபிராங்க் ஹெர்பர்ட் 1957இல் ஆரிகன் மாநிலத்து ஃபுளோரன்ஸ் ஊருக்குப் போனார், நகரும் மணல்மேடுகளை அமெரிக்க விவசாயத் துறை புல் நட்டு நிறுத்திக்கொண்டிருந்ததைப் பற்றி ஒரு பத்திரிகைக் கட்டுரை எழுத. அந்தக் கட்டுரை முடியவே இல்லை. மணல், தண்ணீர், பாலைவன மக்கள், மதம் என்று வருடக்கணக்கில் படித்துக்கொண்டே போனதில் அது 'ட்யூன்' (மணல்மேடு) என்ற நாவல் ஆனது. ஜான் கேம்பல் நடத்திய அனலாக் இதழில் முதல் பாகம் 1963 டிசம்பரில் தொடங்கி மூன்று இதழ்கள். அடுத்தது 1965 ஜனவரியிலிருந்து மே வரை ஐந்து இதழ்கள். அந்தத் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அனலாக் பெரிய அளவை விட்டுப் பழைய சின்ன அளவுக்குத் திரும்பியது, முதல் மூன்று பகுதி பெரிய தாளில், கடைசி இரண்டும் சின்னத் தாளில். கடைசியில் புத்தகமாகப் போட முன்வந்தது, கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பேர்போன சில்டன் பதிப்பகம். கபோட்டி ஒரு நிஜ ஊரை நாவலாக்கினார். ஹெர்பர்ட் இல்லாத ஒரு கிரகத்துக்கு நிருபர் போல வேலை பார்த்தார், தண்ணீர் எங்கே கிடைக்கும், யார் எதற்கு அடித்துக்கொள்கிறார்கள் என்று. இரண்டில் எது 'உண்மை'யாக இருக்கிறது என்று கேட்டால் எனக்கு ட்யூன் பக்கம்தான் சாயத் தோன்றுகிறது.

ட்யூனோடு சரிசமமாக நின்று அறிவியல் புனைகதைக்கான 1966 ஹ்யூகோ விருதைப் பகிர்ந்துகொண்டது ரோஜர் ஜெலாஸ்னியின் நாவல், தி மேகசின் ஆஃப் ஃபேன்டசி அண்ட் சயின்ஸ் ஃபிக்‌ஷனில் அக்டோபர், நவம்பரில் வந்தது: அணுப்போருக்குப் பின் பூமி வேற்றுக்கிரகத்தாரின் சுற்றுலாத்தலம், சாகாத கிரேக்கன் ஒருவன் அவர்களுக்கு வழிகாட்டி. ஜெலாஸ்னிக்கு அந்த வருடம் எதைத் தொட்டாலும் விருதுதான். டிசம்பர் மாத கேலக்ஸி இதழில் ஹார்லன் எலிசனின் கதை: தாமதமாக வந்தால் ஆயுளில் அந்த நிமிடங்களைக் கழித்துக்கொள்ளும் சமூகம், அங்கே ஒரு கோமாளி தொழிலாளர்கள் தலைமேல் ஒன்றரை லட்சம் டாலருக்கு ஜெல்லி மிட்டாயைக் கொட்டி மொத்த நகரத்தின் நேரத்தையும் குலைக்கிறான். டாமன் நைட் முயற்சியில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் தொடங்கியதும் 1965இல்தான், அவர்களுடைய முதல் நெபுலா விருதுகள் இந்த வருடத்து எழுத்துக்கே போயின.

ஏன் எல்லாம் ஒரே வருடத்தில் வந்தது? செய்தியைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டுவிட்டது, அது தர முடியாததை இதழ்கள் தர வேண்டியிருந்தது. விளம்பரப் பணம் நிறைய இருந்ததால் எழுத்தாளருக்குக் கால அவகாசம் கொடுக்கவும் முடிந்தது. அந்தப் பணம் நிற்கவில்லை. ஹெரால்ட் டிரிப்யூன் 1966இல் மூடியது, சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் 1969இல், லைஃப் வார இதழ் 1972இல்.

எங்கே கிடைக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். டிடியனின் கட்டுரை 1968இல் வந்த அவருடைய தொகுப்பிலும், ஜூனியர் ஜான்சன் வுல்ஃபின் முதல் தொகுப்பிலும், ஓ'கானரின் கதை அவர் இறந்தபின் வந்த தொகுப்பிலும் இருக்கின்றன; மெக்ஃபீயின் கட்டுரை தனிப் புத்தகமாகவே விரிந்தது. வுல்ஃபின் மம்மிகள் வேண்டுமானால் 2000இல் வந்த 'ஹுக்கிங் அப்' வரை காத்திருந்துதான் புத்தகத்துக்குள் வந்தது. சாலிஞ்சரின் அந்தக் கடிதக் கதையை 1997இல் ஒரு சின்னப் பதிப்பகம் போடுவதாக அறிவித்து அது நடக்காமல் போனது, ஆகவே அதற்கு மட்டும் பழைய நியூயார்க்கரைத்தான் தேட வேண்டும். மெக்ஃபீயில் ஆரம்பியுங்கள், அடுத்து ஓ'கானர், பிறகு கபோட்டி. சாலிஞ்சரைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், விட்டுவிட்டாலும் பரவாயில்லை.